பிழை விடத் தெரியாதவள்

ஹட்டன் குறிஞ்சி மக்கள் நிலையத்தின் இணையத்தளத்தில் ஒரு முற்றுப்புள்ளியை மாற்ற வேண்டுமென்றாலும் நாகலெட்சுமி வந்தாக வேண்டும் என்ற நிலை மூன்றரை வருடம் இருந்தது. அவள் வட்டகொடையிலிருந்து காலை ரயிலில் வருவாள். ரயில் பிந்தினால் அறிவித்தலும் பிந்தும். செயலாளர் செல்லசாமி ஐயா மாடி ஜன்னலருகே நின்று ஸ்டேஷன் பக்கம் பார்த்துக்கொண்டே, "லெட்சுமி வந்துரட்டும், போட்டுக்கலாம்" என்பார். படி ஏறும்போதே அந்த வார்த்தை அவள் காதில் விழும். அதற்காகவே காய்ச்சலோடும் அவள் வேலைக்கு வந்த நாட்கள் உண்டு.

அவளுடைய அப்பா பழனியாண்டி வட்டகொடைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அம்மா கொழுந்தெடுத்தவர். 1993இல் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தபோது, அவர்களுடைய லயத்து வரிசை வீடுகளிலிருந்து அந்த இடம்வரை போன முதல் பெண்பிள்ளை அவள்தான். கொஞ்ச காலத்தில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் எடுத்தார்கள். அவளும், அவளோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்த அழகம்மாவும் விண்ணப்பித்தார்கள். அழகம்மாவுக்குக் கடிதம் வந்தது. இவளுக்கு வரவில்லை. விடை தெரியாத இடங்களிலெல்லாம் இவளிடம் கேட்டு எழுதிப் பழகியவள் அழகம்மா. அவள் குடையும் கைப்பையுமாகப் பள்ளிக்கூடம் போகும் பாதை நாகலெட்சுமியின் லயத்து வாசல் வழியாகத்தான் போனது. இரண்டு வருடம் அந்த நேரத்துக்கு நாகலெட்சுமி வாசலுக்கு வரவில்லை. ஊரில் எல்லோரும் அவளை அமைதியான பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்கள்.

1997இல் நிலையத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். தோட்டப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, முன்பள்ளி என்று பல காரியங்களைப் பார்க்கும் சின்ன அமைப்பு அது. கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் இரண்டு அறைகள், எட்டுப் பேர். 2003 கடைசியில் கொழும்பிலிருந்து வந்த ஒரு பையன் ஒரே நாளில் இணையத்தளம் ஒன்றை அமைத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே கனடாவுக்குப் போய்விட்டான். விளக்கம் கேட்க ஆளில்லை. நாகலெட்சுமி சனிக்கிழமைகளில் தனியாக வந்து உட்கார்ந்து, தடவித் தடவி அதைக் கற்றுக்கொண்டாள்.

தளத்தை நடத்தும் அந்த மென்பொருள் இலவசமானது. உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துப் பாவிக்கலாம், பிடிக்காத இடத்தைத் திருத்தியும் கொள்ளலாம் என்று திறந்து வைத்தது. ஆனால் எழுதியவர்களுக்கு விளங்கிய அளவுக்கு மற்றவர்களுக்கு அது விளங்கவில்லை. தமிழ் தெரிந்த யாரோ பாதியை மொழிபெயர்த்திருந்தார்கள். மீதி ஆங்கிலத்தில் நின்றது. ஓர் அறிவித்தலை எழுதிச் சேமித்தால் மட்டும் அது வெளியே தெரியாது. ஒரு பகுதியையும் அதற்குள் ஒரு பிரிவையும் தேர்ந்து அதில் போட வேண்டும். பிறகு பட்டியலுக்குப் போய், கடுகளவு சிவப்புக் குறியைத் தேடிப்பிடித்துப் பச்சையாக்க வேண்டும். முதற்பக்கத்தில் வர வேண்டுமானால் இன்னோரிடத்தில் இன்னொரு குறி. நடுவில் மின்சாரம் நின்றாலோ, பக்கத்தைச் சரியாக மூடாமல் எழுந்து போனாலோ, அந்த அறிவித்தலின் மேல் ஒரு பூட்டுப் படம் விழும். அதன்பின் எழுதியவரே வந்தாலும் திறக்காது. தலைமைப் பயனர் நுழைந்து பூட்டை எடுத்துவிட வேண்டும். நிலையத்தில் தலைமைப் பயனர் நாகலெட்சுமி.

மற்றவர்கள் கற்றுத்தரச் சொல்லிக் கேட்டபோதெல்லாம், "அது பெரிய தலைவலிங்க, ஒங்களுக்கு எதுக்கு? தாங்க, நானே போட்டுர்றேன்" என்று சொல்லி வாங்கிக்கொள்வாள். சலிப்போடு சொல்வதுபோல இருக்கும். ஆனால் தாளை நீட்டும் கையைப் பார்க்கும்போது அவளுக்கு ஒரு நிம்மதி வரும்.

2005இல் ஜீவராணி சேர்ந்தாள். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். நாகலெட்சுமியை விட ஐந்து வயது இளையவள். களவேலைக்கு எடுத்தார்கள். சத்தமாகச் சிரிப்பாள், படியில் தடுக்குவாள், தேத்தண்ணியைக் கொட்டுவாள், போட்டோக்கொப்பி மெஷினில் தாளைத் தலைகீழாக வைப்பாள். யாருக்கும் அவள் மேல் கோபம் வராது. நாகலெட்சுமிக்கும் அப்போது வரவில்லை. கம்ப்யூட்டரைத் தொடவே பயப்படுகிற பெண் தனக்கு என்ன செய்துவிட முடியும் என்று இருந்தாள்.

2007 மார்ச்சில் செல்லசாமி ஐயாவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் ஆரூரன். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை. ஓய்வு நேரத்தில் இதே மென்பொருளுக்கு வேலை செய்கிற தொண்டர்களில் ஒருவர். சாதாரண ஆட்களுக்கும் கைக்கு இலகுவாக இருக்கும்படி நிர்வாகப் பக்கங்களை மாற்றப் போகிறோம், தமிழில் பாவிக்கிறவர்கள் எங்கே கஷ்டப்படுகிறார்கள் என்று நேரில் பார்க்க வேண்டும், வரலாமா என்று கேட்டிருந்தார்.

"லெட்சுமி, ஒன்னையத் தேடித்தான் வர்றாங்க போல" என்றார் ஐயா.

அந்த வாரம் முழுவதும் நாகலெட்சுமி குறிப்பெழுதினாள். எந்த மொழிபெயர்ப்புத் தவறு, எந்தப் பொத்தான் வேலை செய்யாது, எதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், எல்லாம் பன்னிரண்டு பக்கம். ஆரூரன் வருகிற நாளில் தீபாவளிக்கு எடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். வழியில் இரண்டு சோதனைச் சாவடிகளில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்ததால் ஆரூரன் மத்தியானம்தான் வந்து சேர்ந்தார். முப்பது வயதிருக்கும். களைத்திருந்தாலும் அவளுடைய பன்னிரண்டு பக்கத்தையும் நின்றபடியே புரட்டிப் பார்த்தார்.

"நல்லாச் செய்திருக்கிறியள் மிஸ். நீங்கள் இதிலை கைதேர்ந்த ஆள்" என்றார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்து, "ஆனா எனக்கு இதைத் தொட்டே பாக்காத ஒராள் வேணும். அப்பிடி இஞ்சை ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்துக்கொண்டு ஜீவராணியைப் பார்த்தார்கள்.

அவளை மடிக்கணினிக்கு முன்னால் உட்கார வைத்தார். நாகலெட்சுமிக்கு அவர்கள் இருவருக்கும் பின்னால் ஒரு கதிரை கிடைத்தது. நேரத்தைக் குறித்துக்கொள்ளும்படி அவளிடம் ஒரு தாளைக் கொடுத்தார்.

"மஸ்கெலியாவிலை அடையாள அட்டைக்கு ஒரு நடமாடும் சேவை நடக்குது எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. அந்த அறிவித்தலை நீங்கள் தளத்திலை போடவேணும்" என்றார் ஆரூரன் ஜீவராணியிடம். "நான் ஒண்டும் சொல்லித்தர மாட்டன். மனசிலை என்ன நினைக்கிறியளோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கோ. பிழை விட்டால் அது உங்கட பிழையில்லை, இதைச் செய்த ஆக்களின்ரை பிழை."

"அப்ப நெறைய வருங்க சேர்" என்றாள் ஜீவராணி.

நிறையத்தான் வந்தது. அறிவித்தலை ஒரு விரலால் தட்டி எழுதி முடித்தாள். பிறகு மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தினாள், எழுதியதெல்லாம் போயிற்று. "ஐயையோ. முடிஞ்சிச்சுன்னுதானேங்க மூடுனேன். எங்க போச்சுன்னே தெரியலயே." மறுபடி எழுதினாள். இந்த முறை சேமித்தாள். பகுதி, பிரிவு என்று கேட்டபோது, "ரெண்டும் ஒன்னுதானேங்க, எதுக்கு ரெண்டு தடவ கேக்குது?" என்றாள். கடைசியில் திரையின் ஓரத்தில் 'காப்பகம்' என்று ஒரு பொத்தானைக் கண்டதும் அவள் முகம் தெளிந்தது. அதை அழுத்தினாள். அறிவித்தல் பட்டியலை விட்டே மறைந்துபோனது.

"ஏன் அதை அமத்தினீங்கள்?" என்று ஆரூரன் மெதுவாகக் கேட்டார்.

"காப்பகம்னா பத்திரமா வச்சுப் பாத்துக்கிற எடம்தானேங்க சேர். வெளிய கெடந்தா யாராவது அழிச்சிருவாங்கன்னு உள்ள வச்சேன்."

ஆரூரன் பேனாவை எடுத்து வேகமாக எழுதினார். நாகலெட்சுமி பின்னால் இருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தாள். ஜீவராணி சொன்னதை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். பழைய அறிவித்தல்களைக் கண்ணில் படாமல் ஒதுக்கி வைக்கும் இடத்துக்குத்தான் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள் என்று நாகலெட்சுமிக்கு மூன்று வருடமாகத் தெரியும். அது தவறான சொல் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. பொறுக்க முடியாமல், "அந்தச் செவப்புக் குறிய..." என்று ஆரம்பித்தாள். ஆரூரன் திரும்பாமலே கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

நாற்பத்தேழு நிமிடம் ஆனது. நாகலெட்சுமி என்றால் மூன்று நிமிடம். அவள் தாளில் நாற்பத்தேழு என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள். ஆரூரனுக்கு ஜீவராணியின் நிலைமை விளங்கட்டும் என்று நினைத்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, "அருமை. இதுதான் எனக்கு வேணும்" என்றார்.

பன்னிரண்டு பக்கத்தையும் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்தான். ஆனால் மூன்று கிழமை கழித்து அவர் அனுப்பிய கடிதத்தில் அதைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. மீதியெல்லாம் ஜீவராணி. மென்பொருள்காரர்கள் உலகம் முழுவதும் இருந்து கூடிப் பேசும் பக்கத்தில் அவள் சம்மதத்தோடு அவள் பெயரைப் போட்டிருந்தார்கள். ஜீவராணி எங்கெங்கே தடுமாறினாளோ அங்கெல்லாம் மாற்றம் வரப் போகிறது. 'காப்பகம்' போய் 'பழைய அறிவித்தல்கள்' வரும். எழுதி முடித்த இடத்திலேயே 'வெளியிடு' என்று பெரிய பொத்தான் இருக்கும். ஜெர்மனியிலிருந்து ஒருவர், இந்தப் பெண்ணுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்.

செல்லசாமி ஐயா அந்தப் பக்கத்தை அச்செடுத்து அறிவித்தல் பலகையில் குத்தினார். ஜீவராணி ஒரு பிரதியை மஸ்கெலியாவுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்குக் காட்டினாள். "என்னத்துக்குடி ஒம் பேரு வந்திருக்குன்னு கேட்டாங்க அக்கா. தப்புத் தப்பா பண்ணுனதுக்கு அம்மான்னேன். நம்ப மாட்டேங்கிறாங்க" என்று வந்து சொல்லிச் சிரித்தாள். நாகலெட்சுமியும் சிரித்தாள். அன்று ரயிலில் வட்டகொடை வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி ஒரே விஷயத்தைத்தான் நினைத்துக்கொண்டு போனாள். சனிக்கிழமை சனிக்கிழமையாக வந்து படித்தேன். ஒரு பிழை இல்லாமல் செய்கிறேன். அதற்கு ஒரு வரி. அவள் கண்ணை மூடிக்கொண்டு கண்டதையும் அமுக்கினாள். அதற்கு ஜெர்மனியிலிருந்து நன்றி.

பலகையைக் கடக்கும்போது அந்தத் தாளைப் பார்க்கக் கூடாது என்று வைத்துக்கொண்டாள். அதனால் ஒவ்வொரு தடவையும் பார்த்தாள்.

ஜூனில் ஆரூரன் புதிய பக்கங்களோடு மறுபடி வருவதாக இருந்தது. இந்த முறை மூன்று பேர் வேண்டுமென்றார். நாகலெட்சுமி தொலைபேசியில் கேட்டாள். "என்னையும் ஒரு ஆளா வச்சுக்குங்க சேர். புதுப் பக்கந்தானே, எனக்கும் தெரியாதுதானே."

அவர் கொஞ்சம் தயங்கினார். "சரி மிஸ். படங்கள் போடுற பகுதி முழுக்கப் புதிசு. அதை நீங்கள் செய்து பாருங்கோ."

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் உட்கார்ந்து திட்டம் போட்டாள். எங்கே தடுக்குவது, எதைத் தவறாகப் புரிந்துகொள்வது, எந்த இடத்தில் எழுதியதைத் தொலைப்பது என்று யோசித்து வைத்தாள். ஜீவராணி பேசியது போலப் பேசியும் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

அன்றைக்குத் திட்டப்படியே செய்தாள். முதல் இரண்டு பக்கத்தைத் தாண்டியதும் படத்தை வேறோர் இடத்தில் போட்டாள். "இது எங்க போச்சுன்னே தெரியலயே" என்றாள். ஒரு சொல்லைக் காட்டி, இது வேறு அர்த்தம் என்று நினைத்துக்கொண்டேன் என்றாள். ஆரூரன் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் பேனா எழும்பவில்லை. அவள் இன்னும் இரண்டு பிழை விட்டாள். அப்போதும் எழும்பவில்லை.

முடிந்ததும் மற்றவர்கள் தேத்தண்ணிக்குப் போனார்கள். அவர் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். அதில் பதிவாகியிருந்த அவள் செய்கையெல்லாம் திரையில் மறுபடி ஓடியது. மவுஸின் அம்புக்குறி சரியான பொத்தான் வரை நேராகப் போய், அங்கே ஒரு கணம் நின்று, பிறகு விலகித் தவறான பொத்தானுக்குப் போவது தெளிவாகத் தெரிந்தது. நான்கு இடத்திலும் அப்படித்தான்.

"கை சரியான இடத்துக்குப் போயிட்டுத்தான் திரும்புது மிஸ்" என்றார். குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. "உங்களுக்குப் பிழை விட வராது. அது நல்ல விசயந்தானே."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "தலைவலிங்க சேர், அதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். பக்கத்து அறையில் ஜீவராணி எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, எப்பிடி இருந்துச்சு? எனக்குன்னா கையெல்லாம் வேர்த்துச்சு" என்றாள். நாகலெட்சுமி பிஸ்கட்டை வாங்காமல் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

மாற்றங்கள் எல்லாம் ஒரே நாளில் வந்து சேரவில்லை. வந்த வரைக்கும் போதுமென்று, களவேலைக்காரர்களும் நேரே அறிவித்தல் போடலாம் என்று ஐயா அனுமதி கொடுத்தார். ஜீவராணி மஸ்கெலியாவிலிருந்த இணைய நிலையத்தில் உட்கார்ந்து தானே போட ஆரம்பித்தாள். "லெட்சுமி வந்துரட்டும்" என்பது ஒபிஸில் குறைந்தது. பூட்டு மட்டும் பழையபடி இருந்தது. அதைத் திறக்க அவள்தான் வேண்டும்.

செப்டம்பரில் மஸ்கெலியாவில் உண்மையாகவே அடையாள அட்டை நடமாடும் சேவை ஒன்று வந்தது. வெள்ளிக்கிழமை என்று ஜீவராணி தளத்தில் போட்டிருந்தாள். மண்டபம் கிடைக்காததால் செவ்வாய்க்கிழமை அதை வியாழனுக்கு மாற்றினார்கள். ஜீவராணி திகதியை மாற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றது. மின்சாரம் வந்து மறுபடி நுழைந்தால் அறிவித்தலின் மேல் பூட்டு.

மாலை மூன்றரைக்கு அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அக்கா, பூட்டு விழுந்திருச்சுக்கா. கொஞ்சம் எடுத்து, வெள்ளிங்கிறத வியாழன்னு மட்டும் மாத்திருங்க. நாளைக்குக் காலையில கந்தப்பன் அண்ணன் அச்செடுத்துருவாரு. நான் வெள்ளனவே கொத்மலைக்கு டிரெயினிங்குக்குப் போறேன்."

கந்தப்பன் அந்த இணைய நிலையத்தின் பொறுப்பாளர். ஒவ்வொரு புதன்கிழமை காலையிலும் தளத்து அறிவித்தல்களை அச்செடுத்துக் கொழுந்து லொறிகளில் மேல்தோட்டங்களுக்கு அனுப்புவார். அங்கே கோவிலிலும், காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்திலும் ஒட்டுவார்கள். நாகலெட்சுமிக்கு இது தெரியும்.

"பாக்கிறேன்" என்றாள்.

கம்ப்யூட்டர் எதிரே எரிந்துகொண்டிருந்தது. ரயிலுக்கு இன்னும் முப்பது நிமிடம் இருந்தது. வேலை ஒரு நிமிடம். அவள் அதை அணைத்தாள். ஜீவராணியே வந்து கேட்கட்டும், இவ்வளவு பேர் வாங்கியவளுக்கு ஒரு பூட்டுத் திறக்கத் தெரியவில்லையா என்று மனதில் ஓடியது. நாளைக்குப் போய்ப் பார்த்துக்கொள்வோம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டு படியிறங்கினாள். புதன்கிழமை ரயில் பிந்தியது. பத்தரைக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, மற்ற வேலையைப் பார்த்து, பன்னிரண்டு மணிக்குத் திகதியை மாற்றினாள். லொறி காலையிலேயே போய்விட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை பதினான்கு பெண்கள் மேல்தோட்டமொன்றிலிருந்து மூன்று மைல் நடந்து, பஸ் பிடித்து மஸ்கெலியாவுக்கு வந்தார்கள். மண்டபம் பூட்டிக் கிடந்தது. எல்லோருக்கும் ஒரு நாள் பேர், அன்றைய கூலி, போயிற்று. அவர்களில் காளியாயி என்பவளுக்கு ஐம்பத்தாறு வயது. வேலையை விட்டுச் சேமலாபப் பணத்தை எடுக்க அடையாள அட்டை வேண்டுமென்று இரண்டு வருடமாக அலைகிறவள். பிறப்புச் சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, அதை இன்னொரு பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அடுத்த சேவை எப்போது என்று அங்கே சொல்ல யாரும் இல்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஜீவராணி எழுந்து நின்று அழுதாள்.

"என் தப்புதாங்க ஐயா. கரெண்டு போகுமுன்னு நெனச்சு மொதல்லயே சேமிச்சிருக்கணும். கந்தப்பன் அண்ணனுக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். காளியாயி அம்மா என்னைய ஒன்னுமே சொல்லல. அதான் தாங்க முடியல."

எல்லோரும் அவளைத் தேற்றினார்கள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஐயா, "தப்பு யாருக்கும் வரும் புள்ள, உக்காரு" என்றார். ஜீவராணி நாகலெட்சுமியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அக்கா மறந்திருப்பாள் என்றுகூடச் சொல்லவில்லை.

நாகலெட்சுமிக்கு உள்ளே என்ன நடந்தது என்பதை அவளே பிறகு ஜீவராணியிடம் சொல்லியிருக்கிறாள். முதலில் வந்தது இரக்கமல்ல. இதற்கும் இவளையா தாங்குகிறார்கள் என்ற எரிச்சல்தான் வந்தது. தான் செய்ததைக்கூட அவள் எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்டு போகிறாளே என்றிருந்தது. அந்த எரிச்சலிலேயே எழுந்து நின்றாள்.

"அது ஜீவாவோட தப்பு இல்லைங்க ஐயா. செவ்வாக்கெழம மூன்றரைக்கே எனக்குப் போன் பண்ணிச்சு. ஒரு நிமிசத்துல தெறந்திருக்கலாம். நான் தெறக்கல."

"மறந்துட்டியா?"

"இல்லைங்க. ஞாபகம் இருந்துச்சு. மனசு வரல."

கீழே மருந்துக்கடையில் யாரோ சிங்களத்தில் இருமல் மருந்து கேட்பது மேலே கேட்டது. ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏன்?" என்றார்.

"அந்தத் தாளு" என்று பலகையைக் காட்டினாள்.

ஐயா அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் அந்த வாரமே அவளை மஸ்கெலியாவுக்கு அனுப்பினார். மேல்தோட்டத்துக்கு ஏறிப் போய், பதினான்கு பேரின் வாசலிலும் நின்று என்ன நடந்தது என்று சொல்லிவிட்டு வந்தாள். சிலர் திட்டினார்கள். காளியாயி கதவைத் திறந்து கேட்டுவிட்டு, "அப்ப இனி எப்ப வருவாங்க?" என்று மட்டும் கேட்டாள். நாகலெட்சுமி தெரியாது என்றாள். பின்பு நுவரெலியாவுக்கு இரண்டு தடவை அலைந்து, நவம்பரில் இன்னொரு நாள் வாங்கினாள். அன்றைக்கு வரிசையில் காளியாயியின் பைகளை அவள்தான் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்கு முன்பே ஆரூரனுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். இந்த முறை ஒன்றரைப் பக்கம்தான். பூட்டு எப்படி விழுகிறது, அதை ஏன் ஓர் ஆள் மட்டும் திறக்கும்படி வைத்திருக்கிறீர்கள், அந்த ஆளுக்கு மற்றவர் மேல் கோபமிருந்தால் என்ன ஆகும் என்று எழுதினாள். பதினான்கு பெண்களையும் எழுதினாள். ஜூனில் தான் நடித்ததையும் ஒரு வரியில் ஒத்துக்கொண்டாள்.

ஆரூரன் தொலைபேசியில் அழைத்தார். "மிஸ், மின்சாரம் நிக்கிறதைப் பற்றி ஆக்கள் எங்களுக்குச் சொல்லியிருக்கினம். திறக்கிற ஆள் வேணுமெண்டே திறக்காமல் விடுவினம் எண்டு இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை. இதை இப்பிடியே அந்தப் பக்கத்திலை போடட்டா?"

"போடுங்க சேர். பேரு மட்டும் வேணாம்."

"யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?"

"யோசிச்சுத்தாங்க."

அந்தப் பக்கத்தில் பெரிய விவாதம் நடந்தது. பூட்டு இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதி ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடுவார் என்றார் ஒருவர். கடைசியில், பதினைந்து நிமிடம் ஆள் அசையாவிட்டால் பூட்டுத் தானாக விலகிவிட வேண்டும், எழுதியவர் மறுபடி வந்தால் உடனே திறக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 2008 நடுவில் வந்த புதிய பதிப்பில் அது சேர்ந்தது. அத்தோடு நிலையத்தில் நாகலெட்சுமி மட்டும் செய்யக்கூடிய வேலை என்று தளத்தில் எதுவும் மிஞ்சவில்லை.

புதிய பதிப்பின் நன்றிப் பட்டியலில் மஸ்கெலியா ஜீவராணி என்று இருந்தது. மூன்று வரி தள்ளி, 'ஹட்டன் அலுவலகத்தைச் சேர்ந்த இன்னொருவர்' என்று இருந்தது. தானே கேட்டு வாங்கிய வரி அது. இருந்தாலும் ஜீவராணி இல்லாத நேரங்களில் அந்தப் பக்கத்தைத் திறந்து இரண்டு வரிகளையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்துக்குப் பிறகு ஜீவராணி அவளோடு இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை. அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்தி மிஸ் என்றாள். பிறகு ஒருநாள் மழையில் ரயில் நின்றுபோய், நாகலெட்சுமி ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்தபோது, "வாங்கக்கா, எங்க ரூமுல தங்கிக்குங்க" என்று ஹட்டனில் வாடகை அறையில் இருந்த ஜீவராணி கூப்பிட்டாள். அங்கே ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் நாகலெட்சுமி எல்லாவற்றையும் சொன்னாள். அழகம்மாவின் குடையிலிருந்து ஆரம்பித்தாள்.

ஜீவராணி மாவுக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். "இப்பயும் இருக்காக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. கொஞ்சம் கொறஞ்சிருக்கு."

"சரி" என்றாள் ஜீவராணி. ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

2009 செப்டம்பரில் ஆரூரனும் அவருடைய ஆட்களும் கொழும்பில் ஒரு கூட்டம் வைத்தார்கள். ஜீவராணியைப் பேசக் கூப்பிட்டார்கள். நாகலெட்சுமியைக் கூப்பிடவில்லை, பெயர் வேண்டாம் என்றவளை எப்படிக் கூப்பிடுவது. மேடையில் ஜீவராணி பேசிய படங்களை மாலையில் ஆரூரன் நிலையத்துக்கு அனுப்பினார், செய்தியாகப் போடும்படி. அந்த வேலையை இப்போது யாரும் செய்யலாம். ஐயாவே செய்கிறேன் என்றார். "இல்லைங்க, நான் போடுறேன்" என்று நாகலெட்சுமி வாங்கிக்கொண்டாள்.

இரண்டு படங்கள் இருந்தன. ஒன்றில் ஜீவராணி கண்ணை மூடி, வாயைப் பாதி திறந்திருந்தாள். மற்றதில் கையை உயர்த்தி, சபையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாகலெட்சுமி முதலாவதை ஏற்றினாள். அது எப்படியிருக்கிறது என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எடுத்துவிட்டு இரண்டாவதை ஏற்றினாள். மூன்று நிமிட வேலை பத்து நிமிடம் ஆனது.

ஆறு மணிக்கு ஜீவராணி கொழும்பிலிருந்து கூப்பிட்டாள். "படம் போட்டுட்டீங்களாக்கா? எப்பிடி இருக்கேன்?"

"நல்லாத்தான் இருக்க" என்றாள் நாகலெட்சுமி. "சேலைதான் ஒரு பக்கம் கசங்கி இருக்கு."

"பஸ்ஸுல வந்ததுல அப்பிடி ஆயிருச்சுக்கா" என்று ஜீவராணி சிரித்தாள்.

"சரி, பாத்து வா" என்று சொல்லி நாகலெட்சுமி தொலைபேசியை வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு, கடைசி ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று ஐயாவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.